கண்ணுக்குப் புலப்படாத ஊனம்

கை இழந்த ஒருவன் உதவி வேண்டி ஓர் அலுவலகத்தின் வாயிலில் வந்து நின்றால், அவனுடைய குறையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கண்டவர் கண்ணே சாட்சியாகும். பார்வை இழந்தவனுக்கும் அவ்வாறே. ஆனால், உள்ளம் நிலைகுலைந்த ஒருவன் அதே வாயிலில் வந்து நிற்கும்போது, அவன் இழந்தது யாது என்பதை எவர் காண்பார்? அவனுடைய கைகால்கள் செவ்வையாக இருக்கின்றன. நாடி ஒழுங்காக அடிக்கின்றது. அன்றைய நாள் அவனுக்கு நல்ல நாளாயின், கேட்ட கேள்விக்குத் தக்க விடையும் இறுக்கின்றான். நம் வழக்கிலுள்ள 'அங்கவீனம்' என்னும் சொல்லும் அங்கத்தின் குறையையே சுட்டி நிற்கின்றது. அங்கமெல்லாம் நிறைந்திருந்தும் உழைத்துண்ண இயலாத நிலை ஒன்று உண்டு என்பதை மனித சமுதாயம் ஏற்றுக்கொள்வதற்கு நெடுங்காலம் சென்றது. ஏற்றுக்கொண்ட பின்னரும், அந்நிலையைச் சட்டத்தின் அளவுகோலால் அளக்கப் புகுந்தபோது நேர்ந்த தவறுகள் சிலவல்ல. அத்தவறுகளையும், அவை திருத்தப்பட்ட விதத்தையும், ஐக்கிய அமெரிக்காவில் 1956ஆம் ஆண்டு முதல் 1986ஆம் ஆண்டு வரையுள்ள முப்பது ஆண்டு வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

அவ்வரலாற்றுள் புகுமுன், அதன் நடுவே நிற்கும் நோயைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். மேலைநாட்டு வைத்தியர் 'சைக்கோசிஸ்' என்று வழங்குவதைத் தமிழிற் சித்தப்பிரமை எனலாம். கிரேக்க மொழியில் 'சைக்கே' என்பது உயிரையும் உள்ளத்தையும் குறிக்கும். ஜேர்மன் மொழியில் எழுதிய வைத்தியர்கள் 1840களில் இச்சொல்லை வழக்கிற் கொண்டுவந்தனர். வியன்னா நகரத்து வைத்தியர் ஒருவர் 1845ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அதனைப் பரவச் செய்தது. காய்ச்சல் என்பது எவ்வாறு ஒரு தனி நோயின் பெயராகாமற் பல நோய்களிலும் தோன்றும் ஒரு நிலையாக இருக்கின்றதோ, அவ்வாறே சித்தப்பிரமையும் பல நோய்களிலே தோன்றும் ஒரு நிலையாகும். சிசோபிரேனியா எனப்படும் மனச்சிதைவு நோயிலே அது முதன்மையாகக் காணப்படும். பெருங்களிப்பும் பெருஞ்சோர்வும் மாறிமாறி வரும் நோயிலும், கடுமையான மனச்சோர்விலும், சில உடல் நோய்களிலும், சில போதைப் பொருள்களின் விளைவாகவும் அது தோன்றலாம்.

இந்நிலையின் உயிர்க்குறி யாதெனில், உள்ளதற்கும் இல்லதற்கும் இடையேயுள்ள எல்லைக்கோடு அழிந்துபோதலாம். எவரும் பேசாதிருக்கக் குரல்கள் கேட்கின்றன. அயலவர் தன்னை அழிக்கச் சூழ்ச்சி செய்கின்றனர் என்னும் எண்ணம், எத்தகைய சான்றினாலும் அசைக்கவியலாத உறுதியாக உள்ளத்திற் குடிகொள்கின்றது. பேச்சின் தொடர்பு அறுந்து, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இயைபில்லாது போகின்றது. இவை பிறர் கண்டு அஞ்சும் குறிகள். இவற்றினும் அமைதியான வேறு சில குறிகளும் உள. எழுந்து முகங் கழுவுவதற்கும் மனம் எழாமை, மகிழ்ச்சியும் துயரும் ஒருங்கே மங்குதல், ஒன்றிற் கருத்தை நிறுத்த இயலாமை, மனிதரை விட்டு ஒதுங்குதல் என்பன அவை. குரல்கள் மருந்தினால் அடங்கிய பின்னரும் இவை நீங்காது நிற்றல் உண்டு. ஒருவனுடைய தொழிலைப் பெரிதுங் கெடுப்பவை இவ்வமைதியான குறிகளே. ஆனால், அலுவலகத்தில் அரைமணி நேரம் உரையாடும் ஒருவருக்கு இவை சோம்பலாகவோ, பிடிவாதமாகவோ தோன்றிவிடும்.

இன்னும் இரண்டு இயல்புகளைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். ஒன்று, இந்நோய் கடலலைபோல் ஏறியும் இறங்கியும் வருவது. இறங்கிய பொழுதிற் கண்டவர், ஏறிய பொழுதின் கொடுமையை அறியார். மற்றொன்று, நோயாளர் பலர் தமக்கு நோய் உண்டென்பதையே உணராதிருத்தல். கால் முறிந்தவன் தன் காலைச் சுட்டிக் காட்டுவான். சித்தப்பிரமை உற்றவனோ, "எனக்கு ஒரு குறையுமில்லை, என்னைச் சூழ்ந்தவர்களே குற்றவாளிகள்" என்று கூறுவான். உதவியை மிகவும் வேண்டி நிற்பவனே அவ்வுதவியைக் கேட்பதற்கு எல்லாரினும் ஆற்றல் குறைந்தவனாக இருக்கின்றான். இந்த முரண்பாட்டிலிருந்தே பின்வரும் இடர்கள் யாவும் எழுந்தன.

முன்னாளில் இக்கேள்வி சட்டத்தின் முன் வந்ததில்லை எனலாம். ஏனெனில், இத்தகைய நோயாளர் பலர் பெரிய மனநோய் வைத்தியசாலைகளின் மதில்களுக்குள்ளே வாழ்நாளைக் கழித்தனர். ஜேர்மன் பேரறிஞர் எமில் கிரேப்பலின், 1899ஆம் ஆண்டிலே தமது பாடநூலின் ஆறாம் பதிப்பில், இந்நோய்களை வகுத்து ஒழுங்குபடுத்தினார். அவற்றுள் ஒருவகை படிப்படியாக அறிவின் சிதைவிலே முடியும் என்பது அவர் கருத்து. சுவிற்சலாந்து அறிஞர் ஒயிகன் புளொய்லர் 1908ஆம் ஆண்டில் அதற்குச் சிசோபிரேனியா என்னும் பெயரைச் சூட்டி, எல்லா நோயாளரும் அவ்வாறு சிதைவதில்லை என்று எடுத்துக் காட்டினார். ஆயினும் நோயாளரின் இருப்பிடம் மாறவில்லை. 1955ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மாநில மனநோய் வைத்தியசாலைகளில் ஏறத்தாழ 559,000 பேர் இருந்தனர். மதிலுக்குள் இருந்தவர்களுக்கு உணவும் உறையுளும் எவ்வாறேனும் கிடைத்தன. உதவிப்பணம் கோரும் தேவை எழவில்லை.

இந்நிலையை இரண்டு நிகழ்ச்சிகள் மாற்றின. 1952ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துச் செந்த் ஆன் வைத்தியசாலையில் ஜீன் டிலே, பியர் டெனிக்கர் என்னும் இருவரும் குளோர்ப்புறோமசீன் என்ற மருந்தைச் சித்தப்பிரமை உற்றோருக்குக் கொடுத்து, அதன் பயனைக் கண்டனர். 1954ஆம் ஆண்டில் அம்மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. குரல்கள் அடங்கின, கொந்தளிப்புத் தணிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில், மருந்தின் பயனாலும் அரசாங்கங்களின் கொள்கை மாற்றத்தாலும், வைத்தியசாலைகளின் கதவுகள் திறந்தன. இரண்டாவது நிகழ்ச்சி, 1956ஆம் ஆண்டு ஆவணி மாதம் முதலாந் தேதி ஜனாதிபதி ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டமாகும். தொழில் செய்து காப்புறுதி வரி செலுத்தி வந்த ஒருவர் இயலாதவராயின், சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து அவருக்கு மாதந்தோறும் பணம் கொடுக்க அது வழி வகுத்தது. முதலில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கே அது உரியதாயிருந்தது. 1960ஆம் ஆண்டில் அவ்வயதெல்லை நீக்கப்பட்டது. தொழில் செய்து வரி செலுத்தும் வாய்ப்பைப் பெறாத வறியோருக்கென 1972ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் இயற்றப்பட்டு, 1974ஆம் ஆண்டு தை மாதம் நடைமுறைக்கு வந்தது. இளமையிலேயே நோயுற்று ஒரு நாளேனும் தொழில் செய்யாத பலருக்கு அதுவே பற்றுக்கோடாயிற்று.

1956ஆம் ஆண்டுச் சட்டம் இயலாமைக்குக் கூறிய வரைவிலக்கணம் நோக்கற்பாலது. வைத்திய முறையால் நிறுவத்தக்க உடற்குறையினாலோ மனக்குறையினாலோ குறிப்பிடத்தக்க ஊதியந் தரும் எத்தொழிலையும் செய்யவியலாதிருத்தலே இயலாமை என்றது அது. உடலையும் மனத்தையும் சட்டம் ஒரே வரியில் ஒருங்கு வைத்தது. எழுத்தளவில் நீதி குறையின்றி இருந்தது. இனி, அந்த எழுத்து நடைமுறையில் என்னாயிற்று என்பதைக் காண்போம்.

விண்ணப்பங்களை ஆராய்வதற்குச் சில படிகள் வகுக்கப்பட்டிருந்தன. விண்ணப்பகாரர் தொழில் செய்கின்றாரா? அவருடைய குறை கடுமையானதா? அரசாங்கம் வெளியிட்ட நோய்ப் பட்டியலிற் கூறப்பட்ட அளவுக்கு அது பொருந்துகின்றதா? பொருந்தினால் அப்படியிலேயே உதவி கிடைக்கும். பொருந்தாவிடின் வழக்கு முடிந்துவிடாது. அவரிடம் எஞ்சியிருக்கும் ஆற்றல் எவ்வளவு, அவ்வாற்றலைக் கொண்டு பழைய தொழிலையோ வேறு தொழிலையோ செய்ய முடியுமா என்பனவற்றை அவரவர் நிலைக்கேற்ப ஆராய்தல் வேண்டும். பட்டியல் ஓர் வாயில்; தனியாராய்வு மற்றோர் வாயில். முதல் வாயில் அடைபட்டாலும் இரண்டாவது திறந்திருக்க வேண்டும் என்பதே விதி.

1970களின் பிற்பகுதியில் உதவி பெறுவோரின் தொகையும் செலவும் பெருகின. தகுதியிழந்தோரும் பட்டியலில் நீடிக்கின்றனர் என்னும் குறை எழுந்தது. 1980ஆம் ஆண்டில் ஜனாதிபதி கார்ட்டர் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம், நிரந்தர இயலாமை உடையோர் தவிர்ந்த ஏனையோரின் தகுதியை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் மீளாய்வு செய்யப் பணித்தது. 1982ஆம் ஆண்டில் தொடங்க வேண்டிய இம்மீளாய்வு, ஜனாதிபதி றேகனின் அரசாங்கத்தால் 1981ஆம் ஆண்டு பங்குனி மாதமே தொடங்கப்பட்டது. அதன்பின் மூன்றாண்டு காலத்தில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேருக்கு அவர்களுடைய உதவி நிறுத்தப்படும் என்ற அறிவித்தல் சென்றது. அவர்களுட் சுமார் இரண்டு இலட்சம் பேர் மேன்முறையீடு செய்து இழந்ததை மீண்டும் பெற்றனர் என்பதிலிருந்து, அம்மீளாய்வின் தரத்தை ஒருவாறு ஊகிக்கலாம்.

இப்புயலில் மிகுதியாக அடிபட்டவர்கள் மனநோயாளரே. 1983ஆம் ஆண்டு சித்திரை மாதம் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் செனற் சபைக் குழுவொன்றின் முன் சாட்சியமளித்தது. அளவைகள் வேண்டிய அளவுக்கு மேல் இறுக்கமாகப் பொருள் கொள்ளப்பட்டன. வைத்தியச் சான்றுகள் போதிய அளவு திரட்டப்படவில்லை. மனநோய் வல்லுநர் போதியவர் இலர் என்பன அச்சாட்சியத்தின் சாரமாகும். ஒருவர் தொலைக்காட்சி பார்க்கின்றார், தமக்கு வேண்டியதைச் சமைக்கின்றார் என்பன போன்ற சிறு குறிப்புகள், அவர் நாள்முழுதும் தொழில் செய்ய வல்லவர் என்பதற்குச் சான்றாயின. உதவி நிறுத்தப்படுமுன் அனுப்பப்படும் கடிதத்துக்கு மறுமொழி எழுதுவதும், வைத்தியச் சான்றுகளைத் தேடிக் கொடுப்பதும் நோயாளரின் பொறுப்பாயிருந்தன. அஞ்சலிற் கடிதம் வந்தாலே தன்னைப் பிடிக்க வலை விரிக்கப்படுகின்றது என்று அஞ்சும் ஒருவர், அக்கடிதத்தைத் திறந்து படித்துக் காலந் தவறாது விடையிறுப்பார் என்று எதிர்பார்க்கப்பட்டது.

இவற்றினும் ஆழமான குறை ஒன்று மறைந்து கிடந்தது. மனநோயாளர் ஒருவர் பட்டியலின் அளவைக்குப் பொருந்தாவிடின், அவர் பயிற்சி வேண்டாத எளிய தொழிலையேனும் செய்ய வல்லவர் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடும் வழக்கம், சமூகப் பாதுகாப்பு நிருவாகத்தினுள்ளே நிலவியது. முதல் வாயில் அடைபட்டதும் இரண்டாம் வாயிலும் தானே அடைபட்டது. இவ்விதி எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அரசாங்க வர்த்தமானியிற் பொதுமக்கள் காண வெளியிடப்படவுமில்லை. உள்ளறிக்கைகள், அறிவுறுத்தல்கள், மதிப்பாய்வுக் குறிப்புகள் என்பனவற்றின் வாயிலாகவே உத்தியோகத்தரிடையே அது பரவியிருந்தது.

அதை முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது மினசோட்டா மாநிலத்தின் மனநலச் சங்கமாகும். சங்கம் தொடுத்த வழக்கில் 1982ஆம் ஆண்டு மார்கழி மாதம் சமஷ்டி மாவட்ட நீதிபதி ஏர்ல் லார்சன், இவ்வழக்கம் சட்டத்துக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தார். சிக்காகோவைத் தலைமையகமாகக் கொண்ட நிருவாகப் பிரிவின் ஆறு மாநிலங்களை அத்தீர்ப்புத் தழுவியது. 1983ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரம் தானே வழக்காளியாக முன்வந்தது. ஒரு மாநகரம் நோயாளருக்காக நடுவணரசுக்கு எதிராக வழக்காடப் புகுந்ததன் காரணம் எளிதில் விளங்கும். உதவியிழந்த நோயாளர் எங்கே செல்வர்? நகரத்தின் வீதிகளுக்கும், நகரத்தின் வைத்தியசாலைகளுக்குமே செல்வர். நடுவணரசு இறக்கிவைத்த சுமையை நகரம் சுமக்க வேண்டியதாயிற்று.

அவ்வழக்கைக் கேட்டவர் சமஷ்டி மாவட்ட நீதிபதி ஜாக் வைன்ஸ்ரைன். சித்தப்பிரமை சார்ந்த நோயும் அது சாராத மனநோயும் உடையோர் எனத் தீர்மானிக்கப்பட்டிருந்தும், தொழில் செய்ய வல்லவர் என்று காரணங் காட்டி உதவி மறுக்கப்பட்ட நியூயோர்க் மாநிலத்தவர் அனைவருக்காகவும் வழக்கு நடைபெற்றது. 1984ஆம் ஆண்டில் அவர் வழங்கிய தீர்ப்பு, மறைந்திருந்த வழக்கத்தை அக்குவேறு ஆணிவேறாக எடுத்துக் காட்டியது. நோயாளரைத் தனித்தனியே ஆராய்வதற்குப் பதிலாக நிருவாக அறிவுறுத்தலே முடிவுகளைத் தீர்மானித்தது என்றும், நிருவாகத்தின் வைத்திய ஆலோசகர்களே தம் அறிவுக்கு மாறான முடிவுகளைக் கூறும்படி நெருக்கப்பட்டனர் என்றும் அவர் கண்டார். உதவியை இழந்த அதிர்ச்சியினாலேயே நோய் முற்றி வைத்தியசாலை சேர்ந்தவர் பலர் என்பதும் அவர்முன் நிறுவப்பட்டது. நோயைக் கண்டு உதவ வேண்டிய ஏற்பாடே நோயை வளர்த்த கொடுமை அது.

இதற்கிடையே நாடெங்கும் எதிர்ப்பு வலுத்தது. பல மாநிலங்கள் மீளாய்வை நடத்த மறுத்தன. 1983ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் சுகாதார, மனித சேவை அமைச்சர் மார்கரெட் ஹெக்லர், சித்தப்பிரமை சார்ந்த நோயாளர் பெரும்பாலோரின் மீளாய்வைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார். மறுஆண்டு மீளாய்வு முழுவதுமே நிறுத்தப்பட்டது. 1984ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் ஒன்பதாந் தேதி இயலாமை உதவிச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. கட்சிப் பூசல் மலிந்த காங்கிரசின் இரு சபைகளிலும் எதிர்ப்பு வாக்கு ஒன்றேனும் அதற்கு விழவில்லை. உதவி பெற்றுவரும் ஒருவரின் நோய் தணிந்துள்ளது என்பதற்குச் சான்றிருந்தாலன்றிப் பொதுவாக உதவியை நிறுத்தலாகாது என்று அச்சட்டம் கூறியது. மனநோய்க்குரிய அளவைகளைப் புதிதாக வகுக்கவும், மனநோயாளருக்கு உதவியை மறுக்கும் முன் மனநோய் வைத்தியரோ உளவியலாளரோ ஆராயுமாறு செய்ய முயலவும் அது பணித்தது.

1985ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய அளவைகள், நோயின் பெயரோடு நில்லாது, அந்நோய் வாழ்க்கையை எவ்வாறு தாக்குகின்றது என்று வினவின. அன்றாட அலுவல்களை ஆற்றல், பிறரோடு பழகுதல், கருத்தை நிலைநிறுத்தி வேலையை முடித்தல், தொழிலிடத்து நெருக்கடியில் நிலைகுலையாதிருத்தல் என்னும் நான்கு துறைகளில் நோயாளரின் நிலையை அவை அளந்தன. அவ்வாண்டே வெளியான மற்றொரு நிருவாக விளக்கம் ஓர் அரிய உண்மையை ஏற்றுக்கொண்டது. எளிய தொழில் மனநோயாளருக்கும் எளிதாகவே இருக்கும் என்று கொள்ளுதல் தவறு. நாள்தோறும் குறித்த நேரத்துக்கு வருதல், மேற்பார்வைக்கு உட்படுதல், நாள்முழுதும் ஓரிடத்தில் இருத்தல் என்பனவே சிலருக்குத் தாங்கவொண்ணாச் சுமையாகலாம் என்பது அவ்விளக்கத்தின் கருத்து. தொழிலின் கடினம் தொழிலில் மட்டும் இல்லை, செய்வோனின் உள்ளத்திலும் இருக்கின்றது என்பதை அரசாங்க ஏடு ஒன்று ஒப்புக்கொண்டமை சிறிய செய்தியன்று.

எஞ்சி நின்றது ஒரு கேள்வி. உதவி மறுக்கப்பட்டவர் அறுபது நாளுக்குள் நீதிமன்றத்தை நாடவேண்டும் என்பது சட்டம். நியூயோர்க் வழக்கிற் சேர்ந்திருந்தோர் பலர் அத்தவணையைத் தவறவிட்டிருந்தனர். நிருவாகம் அதைச் சுட்டிக் காட்டி, அவர்களுடைய உரிமை அற்றுப்போயிற்று என்று வாதித்தது. 1986ஆம் ஆண்டு ஆனி மாதம் இரண்டாந் தேதி அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. நீதியரசர் லூயிஸ் பவல் எழுதிய தீர்ப்பை ஏனைய நீதியரசர் அனைவரும் ஒருமனமாக ஏற்றனர். தம் உரிமையைக் கெடுத்த விதியே மறைத்து வைக்கப்பட்டிருந்தபோது, அதனை எதிர்க்க ஒருவர் காலக்கெடுவுக்குள் வரவில்லை என்று குறைகூறுதல் நீதியாகாது. அம்மறைவு நீடித்த வரையும் தவணை ஓடவில்லை என்று கொள்ளுதல் வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். தவறவிட்டோரின் விண்ணப்பங்களும் மீண்டும் ஆராயப்பட வழி பிறந்தது.

அத்தீர்ப்போடு திருத்தம் நின்றுவிடவில்லை. 1991ஆம் ஆண்டில், நோயின் காரணமாக அறிவித்தலை விளங்கிக்கொள்ள இயலாதிருந்த ஒருவர் மேன்முறையீட்டுத் தவணையைத் தவறவிட்டால், அதனைத் தக்க காரணமாக ஏற்கலாம் என்று நிருவாகமே வழிகாட்டியது. 2017ஆம் ஆண்டு தை மாதம் நடைமுறைக்கு வந்த அளவைகள் நான்கு துறைகளையும் மாற்றியமைத்தன. விளங்கி நினைவிற் கொள்ளல், பிறரோடு பழகல், கருத்தூன்றல், தன்னைத் தானே நடத்திக்கொள்ளல் என்பன இப்பொழுது நோக்கப்படுவன. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த நோய் மருந்தினாலும் பிறர் துணையினாலும் அடங்கியிருப்பினும், சிறு மாற்றத்தையும் தாங்கும் வலி ஒருவருக்கு இல்லையாயின், அதுவும் கருத்திற் கொள்ளப்படும். முட்டுக் கொடுத்து நிற்கும் சுவரை, நிற்கின்றதே என்று கூறி, முட்டை எடுத்துவிடலாகாது என்பது இதன் கருத்தாகும்.

இம்முப்பது ஆண்டு வரலாற்றில், சட்டத்தின் சொற்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே நல்லனவாக இருந்தன. கெட்டது அளக்கும் முறையே. உடலை அளக்கும் கோலால் உள்ளத்தை அளந்தமையும், நல்ல நாளொன்றைக் கண்டு ஆண்டு முழுவதையும் தீர்மானித்தமையும், பேச இயலாதவனின் மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டமையுமே பல்லாயிரவரின் உணவைப் பறித்தன. அவற்றைத் திருத்தியவர்களுள் நோயாளர் தாமே குரலெழுப்பியவர் மிகச் சிலர். அயலவரும், நலச் சங்கத்தவரும், நகர சபையினரும், நீதிபதிகளும் அவர்கள் பொருட்டுப் பேசினர். எந்த நாட்டிலாயினும், உள்ளம் நலிந்த ஒருவரின் விண்ணப்பத்தைக் கையிலெடுக்கும் உத்தியோகத்தர், அதில் எழுதப்பட்டிருப்பதோடு எழுதப்படாது விடப்பட்டதையும் தேடிப் படிப்பாராயின், அவ்வலுவலகத்தின் வாயிலுக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார்.